விசில் டீச்சரும் எங்கள் வீட்டுச் செய்தியும்

பாகூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தலைநிமிர்ந்து நடக்கிற குடும்பம் என்று ஒன்றுகூடக் கிடையாது. அத்தனை பேர் மானத்தையும் வாங்கியது ஒரே ஆள். அங்கன்வாடி நடத்திய விசில் டீச்சர்.

நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த கணவரின் விசில் எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். ஒன்று அடித்தால் பிள்ளைகள் அப்படியே நிற்க வேண்டும். இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். கை கழுவ, முட்டை சாப்பிட, பாய் விரித்துப் படுக்க, எல்லாவற்றுக்கும் விசில்தான். ஒருநாள் தெருவில் அவர் ஊதியதில் கடலூர் பஸ்ஸே நின்றுவிட்டது என்பார்கள். நான் நம்புகிறேன்.

விசிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காலையில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, "வூட்டு நியூஸ் சொல்லுங்கடா" என்பாரே, அதுதான் ஆபத்து. ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து வீட்டில் நடந்ததில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தால் இரண்டு விசில். "ரைட், அடுத்த ஆளு." பிள்ளைகளுக்குப் பேச்சு வளர இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது அவர் கட்சி.

"எங்கப்பா பால்ல தண்ணி ஊத்துச்சு" என்றான் பால்காரர் மகன். அன்று சாயங்காலமே டீச்சர் பால்காரர் வீட்டு வாசலில் நின்றார்.

"ஊத்துறது உன் இஷ்டம்பா. ஆனா காய்ச்சி ஆறவச்ச தண்ணியா ஊத்து. பசங்க குடிக்கிது."

இந்த வயதிலும் கரும்பு கடிப்பதாகப் பெருமை பேசிய பெரியவரின் பேத்தி, தாத்தா பல்லைக் கழற்றி டம்ளரில் போடுவதைச் சொன்னாள். பெரியவர் டீக்கடைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

பிள்ளையை விட வரும் தாய்மார்கள் நாங்கள் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல ஜன்னலோரமே நிற்போம். அடுத்த வீட்டுச் செய்தி கேட்காமல் எப்படிப் போவது?

எங்கள் வீட்டுச் செய்தி வெளியே வந்துவிடும் என்ற பயம் எனக்கு மட்டும் இல்லை. என் மகள் மூன்று வயது முடிந்தும் பேசவில்லை. "வூட்ல வாய் ஓயாது, வெளியதான் கூச்சம்" என்று எல்லோரிடமும் அடித்துவிட்டிருந்தேன். வீட்டிலும் ஒரு வார்த்தை கிடையாது. "காது நல்லா இருக்கும்மா, நாலு பசங்களோட விடுங்க" என்று டாக்டர் சொன்னதால்தான் அங்கே சேர்த்தேன்.

அவள் முறை வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். டீச்சர் அவசரப்படவே மாட்டார். முழங்காலில் கை ஊன்றி, அவள் முகத்தையே பார்த்துக் காத்திருப்பார். பிறகு, "சரி கண்ணு, நாளைக்குச் சொல்லு" என்பார். விசில் மட்டும் அடிக்க மாட்டார்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலை. பக்கத்துத் தெருவில் இருக்கும் என் நாத்தனாரும் அன்று ஜன்னலோரம் நின்றிருந்தாள். என் மகள் எழுந்தாள்.

"அம்மா அழுவுது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அத்தோடு விடவில்லை.

"பாத்ரூம்ல. வாய்ல துணி வச்சிக்கினு."

துப்பட்டா அப்போதும் என் வாயில்தான் இருந்தது.

"வூட்ல வாய் ஓயாதுன்னு சொன்னியே அண்ணி" என்றாள் நாத்தனார் மெதுவாக. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

டீச்சர் விசிலை வாயில் வைத்தார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். உதடு நடுங்கியதே தவிர சத்தம் வரவில்லை. விசில் வராமல் என் மகளும் உட்காரவில்லை.

"ரைட் குடு டீச்சர்" என்றான் பால்காரர் மகன்.

"ரைட்" என்று வாயாலேயே சொல்லிவிட்டு, டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி என்னை அதட்டினார். "இன்னா பாத்துக்கினு நிக்கிற? பஸ்ஸு போய்டும், வேலைக்குக் கெளம்பு. பொண்ணு பேசிட்டா. இனிமே உன் வூட்டு மானத்த என்னால காப்பாத்த முடியாது."

வில்லியனூர் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன், வாயில் துணி வைக்காமல். வெட்கமாகத்தான் இருந்தது.

டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. அவளுக்கு நிஜமாகவே வாய் ஓய்வதில்லை. எனக்குத்தான், வீட்டில் நல்லதோ கெட்டதோ எது நடந்தாலும், மறுநாள் காலையில் அந்த வட்டத்தில் போய் உட்கார்ந்து டீச்சரிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.