கடைசி மரமும் என் இங்கிலீஷும்

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைப் பற்றிப் பெண் வீட்டார் சொல்லும் பொய்களை, கல்யாணத்துக்குப் பின்னால் அந்தப் பெண்தான் காப்பாற்றியாக வேண்டும். சமையல் தெரியும் என்று சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டு தப்பித்துவிடலாம். பாட்டு வரும் என்று சொல்லியிருந்தால் தொண்டை கட்டியிருக்கிறது என்று ஒரு வருஷம் ஓட்டலாம். என் அப்பா சொன்னது இது: “எங்க சரசு இங்கிலீஷைத் தண்ணியாப் பேசும்.”

பேசிக் காட்ட வேண்டிய அவசியமே வராது என்ற தைரியத்தில்தான் சொன்னார். நான் திண்டுக்கல் டவுன்காரி, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். (இங்கிலீஷில் பாஸானதில் எனக்கும் என் டீச்சருக்கும் ஒரே அளவு ஆச்சரியம்.) வாக்கப்பட்ட இடமோ ரெட்டியார்சத்திரத்தை ஒட்டிய கிராமம். வெங்காயமும் கம்பும் விளைகிற ஊரில் யாரோடு இங்கிலீஷ் பேசுவது?

ஆனால் என் மாமியாருக்கு அதில் அப்படியொரு பெருமை. ஊரில் யார் வீட்டுக்கு மருந்துப் பாட்டில் வந்தாலும் என் கைக்கு வந்துவிடும். நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சாப்பாட்டுக்குப் பின்னாடி” என்பேன். யாரும் சாகவில்லை. அதனால் என் புகழ் வளர்ந்தது.

அது அறுபதுகளின் ஆரம்பம். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பட்டாசாலை, ஒரு தானிய அறை, ஒரு அடுப்படி. பட்டாசாலையில் மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார் எல்லோரும் படுப்பார்கள். தானிய அறையில் கம்பு மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேர். கதவு கிடையாது, சாக்குப் படுதாதான். நான் ஒரு இருமல் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து “சுக்குத் தண்ணி வைக்கவா?” என்று குரல் வரும். புருஷனோடு ரகசியம் பேச வேண்டுமென்றால் மாட்டுக் கொட்டத்துக்குப் போக வேண்டும். (அங்கேயும் ஒரு எருமை காதை விறைத்துக்கொண்டு நிற்கும்.)

அதனால் பின்பக்கம் எங்களுக்கென்று ஒரு அறை எடுப்பதாகப் பேச்சு நடந்தது. அந்த இடத்தில் ஒரு வாகை மரம் நின்றது. மரத்தை வெட்டினால் இடத்துக்கு இடமும் ஆச்சு, கதவு நிலைக்குப் பலகையும் ஆச்சு என்பது மாமனாரின் யோசனை. ஆசாரி வந்து மரத்தைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நான் மனசுக்குள் கதவை மாட்டித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் டவுனில் ஒரு சாமி படம் ஓடுவதாகச் செய்தி வந்தது. மாமியார், பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி அக்கா, எதிர்வீட்டு வெள்ளையம்மா, நான், எல்லோரும் காலையிலேயே குளித்து முழுகி விபூதி பூசிக்கொண்டு வண்டியில் ஏறினோம். என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டினார். டவுனை நெருங்கும்போது தோல் பதனிடுகிற பக்கமிருந்து காற்றடித்தது. பொன்னுத்தாயி அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இந்தத் தோல்ஷாப்பு நாத்தத்துல சாமியே வந்தாலும் திரும்பிப் போயிரும்” என்றாள்.

சாமி நிஜமாகவே வரவில்லை. கொட்டகை வாசலில் மேனேஜர் நாற்காலி மேல் ஏறி நின்று அறிவித்தார்:

“சாமி படத்துப் பெட்டி மதுரையிலயே நின்னு போச்சு. மத்தியானக் காட்சிக்கு மட்டும் இங்கிலீஷ் படம். வேணாங்கிறவுக டிக்கெட்டைக் குடுத்துட்டுக் காசை வாங்கிக்கலாம்!”

பாதிக் கூட்டம் கலைந்தது. எனக்கு உயிர் வந்தது. “திரும்பிரலாம் அத்தை, வெயில் ஏறுது” என்றேன்.

“இம்புட்டுத் தூரம் வந்துட்டுத் திரும்பிப் போறதா? நீ எதுக்குத்தா இருக்க?” என்றார் மாமியார். பிறகு கொட்டகைக்கே கேட்கும்படி, “எம் மருமக இருக்கா. அவ எடுத்துச் சொல்லுவா. வாங்கடி!” என்றார்.

என் இங்கிலீஷின் ஆழம் தெரிந்த ஒரே மனிதர் என் வீட்டுக்காரர். மாட்டுக் கொட்டத்தில் வைத்து அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன். ஆண்கள் பக்கம் போகும் முன் அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, சந்தைக்குப் போகிற ஆட்டைப் பார்ப்பது போல இருந்தது.

பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்தோம். வலது பக்கம் மாமியார், இடது பக்கம் பொன்னுத்தாயி அக்கா, முதுகுக்குப் பின்னால் வெள்ளையம்மா. தப்பிக்க வழியில்லை.

படம் ஆரம்பித்தது. ஏதோ ஒரு ஊர். ஆகாயம் தெரியவில்லை, எங்கே பார்த்தாலும் புகைபோக்கி. தெருவில் ஒரு பசும்புல் கிடையாது. நடமாடுகிறவர்கள் எல்லோரும் முகத்தில் பை போல ஒன்றை மாட்டியிருந்தார்கள். பேச்சு என்றால் அப்படியொரு வேகம். நான் படித்த இங்கிலீஷில் ஒவ்வொரு வாக்கியமும் முடிந்த பிறகு ஒரு முற்றுப்புள்ளி இருக்கும். இவர்கள் அதற்கெல்லாம் நிற்கவே இல்லை.

“எதுக்குத்தா மூஞ்சியில பை மாட்டிருக்காக?” என்றார் மாமியார்.

“அது… அங்க அப்படித்தான் வழக்கம், அத்தை. பெரியவுக முன்னாடி மூஞ்சியைக் காட்டக் கூடாதாம்.”

“நல்ல வழக்கம்” என்றாள் பின்னாலிருந்து வெள்ளையம்மா. (அவளுக்கு மருமகளோடு ஆகாது.)

பொன்னுத்தாயி அக்கா மட்டும், “அட போத்தா. தோல்ஷாப்பு பக்கமா குடியிருப்பாக, மூக்கைப் பொத்தியிருக்காக” என்றாள்.

அடுத்து தொப்பி போட்ட ஒரு குண்டு மனிதர் வந்தார். ஜனங்கள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர் ஒரு குழாயைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டார். “இவரு பெரிய தர்மவான். ஊருக்கே தண்ணி தாராரு” என்று அடித்துவிட்டேன். நாலு காட்சி தள்ளிப் பார்த்தால், அதே தர்மவானின் ஆலைக் கழிவுதான் ஆற்றில் கறுப்பாக விழுகிறது. செத்த மீன்கள் மிதக்கின்றன. அவர் கைதட்டிச் சிரிக்கிறார். சேர் வரிசையில் உட்கார்ந்திருந்த பேண்ட் சட்டைக்காரர்களும் சிரித்தார்கள்.

“தர்மவான்னு சொன்ன?”

“அது… இவரு அவரோட தம்பி, அத்தை. ரெட்டைப் பிள்ளைக.”

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கிழவர் தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே மூச்சு முட்டி விழுந்தார். உடனே ஒருவர் ஓடிவந்து அவர் முகத்துப் பையைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு போனார். அதற்கும் சேர் வரிசையில் ஒரே சிரிப்பு. “அசந்து தூங்குறாரு” என்றேன். அடுத்த காட்சியிலேயே அவரைப் புதைத்தார்கள். மாமியார் என்னை ஒருமுறை பார்த்தார். நான் கண்ணில் தூசி விழுந்தது மாதிரி கசக்கிக்கொண்டேன்.

பிறகு அந்த மரம் வந்தது.

ஊரிலேயே மிச்சமிருந்த ஒரே மரம். அதைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு கட்டியிருந்தார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். கூண்டுக்கு உள்ளே போனதும் முகத்துப் பையைக் கழற்றிவிட்டு, மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். ஒரு தாய் தன் கைக்குழந்தையைத் தூக்கி இலையைத் தொட வைத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மாமியாரின் கை மணலில் ஊன்றியபடி அப்படியே இருந்தது.

கோடாலியோடு ஆட்கள் வந்தார்கள். குண்டு மனிதர் ஒரு காகிதத்தை விரித்து நீளமாக ஏதோ வாசித்தார். கோடாலி ஓங்கியது.

மாமியார் எழுந்துவிட்டார். மிஷின் வெளிச்சத்தில் அவருடைய கொண்டை திரையில் நிழலாக விழுந்தது.

“ஏலே! நிறுத்துங்கடா! ஒத்த மரம்டா!”

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. டார்ச் லைட்காரர் ஓடிவந்து, “ஆத்தா, உக்காருங்க, படம் மறைக்குது” என்றார். “வெட்டுறான், பாத்துக்கிட்டு நிக்கிறியே!” என்று அவரையும் ஒரு பிடி பிடித்தார் மாமியார். மரம் சாய்ந்தது. அவர் பொத்தென்று உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பொன்னுத்தாயி அக்காவும் மூக்கை உறிஞ்சினாள்.

அந்த மரத்தை அறுத்து, இழைத்து, பலகையாக்கி, மரம் நின்ற இடத்திலேயே நட்டார்கள். பலகையில் பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. பேச்சுதான் புரியாதே தவிர, எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். வாசித்தேன். ‘மரங்களை வெட்டாதீர்கள்.’

அந்தப் படத்தில் எனக்கு முழுசாகப் புரிந்தது அது ஒன்றுதான். புரிந்த சந்தோஷத்தில் பக்கென்று சிரித்துவிட்டேன். சின்னச் சிரிப்பு இல்லை. இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் சேர்ந்து வந்த சிரிப்பு. நிறுத்த முடியவில்லை.

மாமியார் முந்தானையிலிருந்து முகத்தை எடுத்தார். கண் சிவந்திருந்தது.

“மரம் சாயுது. நீ சிரிக்கிற” என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது வண்டியில் மாட்டு மணியைத் தவிர எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகும் சில நாள் மாமியார் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சோற்றைப் போட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போய்விடுவார். வெள்ளையம்மா ஊர் முழுக்க, “கல்நெஞ்சுக்காரியப்பா, ஒரு மரம் சாகுது, இவ இளிக்கிறா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் தானிய அறையில் கம்பு மூட்டையில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதேன். (சத்தம் வந்தால் சுக்குத் தண்ணி வரும். வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் அப்போது பெரிய பயம்.)

ஒரு நாள் காலை மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். மாமியார் ஒரு முறம் நிறைய நிலக்கடலையைத் தூக்கிக்கொண்டு போய் வாகை மரத்தடியில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார்.

“செத்த தள்ளி உக்காரு” என்றார் மாமனார்.

“மாட்டேன். இந்த மரத்தை யாரும் தொடக் கூடாது.”

“சினிமாவைப் பாத்துட்டு வந்து வம்பு பண்ணாத. சின்னஞ்சிறுசுக அறை இல்லாம கெடக்குதுக.”

“அந்தப் படத்துல என்னா போட்டிருந்துச்சுன்னு எம் மருமககிட்ட கேளுங்க. ஏத்தா, இங்க வா!”

அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். மாமனார், ஆசாரி, கோடாலி ஆட்கள், என் வீட்டுக்காரர், எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் படம் வெறும் வேடிக்கைப் படம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அறை எனக்கு. தாழ்ப்பாளோடு. வீட்டுக்காரர் தலையை மெல்ல ஆட்டி, ‘சொல்லு, சொல்லு’ என்றார்.

எனக்கு அழுகைதான் வந்தது. “எனக்கு இங்கிலீஷே தெரியாது, அத்தை. அப்பா சும்மா சொல்லிட்டாரு. கொட்டகையில நான் சொன்னது பூராவும் நானாக் கட்டுன கதை.”

மாமியார் ஒரு கடலையை உடைத்தார். “நீ சொன்னதை யாரு கேட்டா? நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்த. நான் படம் பாத்தேன்.”

நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“தண்ணிக்கு வரிசையில நிக்கிறதையும் மூச்சு முட்டுறதையும் சொல்லித்தான் தெரியணுமா? தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான். கடேசியில சிரிச்சியே, எதுக்கு?”

“அந்தப் பலகையில எழுதியிருந்ததை மட்டும் வாசிச்சுட்டேன், அத்தை.”

“என்னா எழுதியிருந்துச்சு?”

“‘மரங்களை வெட்டாதீர்கள்’னு.”

மாமியாரின் கையில் இருந்த கடலை அப்படியே நின்றது. “அந்த மரத்துப் பலகையிலயா?”

“ஆமா, அத்தை.”

முதலில் உதடு துடித்தது. அழப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். முறம் சரிந்து கடலையெல்லாம் சிதற, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடப் பாவிகளா! மரத்தை வெட்டி… வெட்டாதன்னு…” அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் தலையைச் சாய்த்துச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, இரண்டு பேருக்கும். கோடாலி ஆட்கள் இந்த வீட்டுப் பொம்பளைகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மெல்ல நழுவினார்கள்.

“நீ சிரிச்சது சரிதான்” என்றார் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஆனா என்னை விட்டுட்டு நீ மட்டும் சிரிச்ச பாரு, அதான் கோவம்.”

அறை கட்டினோம், மரத்தை விட்டுவிட்டு. மாமியாரே கூட நின்று கொத்தனாருக்கு வழி சொன்னதில், பின்பக்கச் சுவர் மரத்துக்கு இடம் விட்டு உள்ளே வளைந்துவிட்டது. கட்டிலை நேராகப் போட முடியாது. கதவு பாதிதான் திறக்கும். கொஞ்சம் சதை போட்ட சொந்தக்காரர்கள் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். கோடையில் காய்ந்த வாகைக் காய்கள் ராத்திரி முழுக்கக் கலகலக்கும். எங்கள் மூன்று பிள்ளைகளும் அந்தச் சத்தத்தில்தான் தூங்கிப் பழகினார்கள்.

மாமியார் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார்:

“அது ஒண்ணுமில்லைங்க. எங்க வீட்ல இங்கிலீஷ் நல்லாத் தெரியும்.”