‘மூடாதே’ அண்ணன்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை உள்ள கம்பெனிகளைச் சல்லடை போட்டுச் சலித்தாலும், எங்கள் ‘மூடாதே’ அண்ணனைப் போல லேப்டாப்பைக் கண்டு பயந்த மனிதர் கிடைக்கமாட்டார்; அதை அவ்வளவு நேசித்தவரும் கிடைக்கமாட்டார்.

சூளகிரி பக்கம் நான் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் அவருக்குக் கம்ப்யூட்டர் பொறுப்பு. வந்த வேகத்தில் ஆபீஸ் லேப்டாப்புகள் எல்லாவற்றிலும் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் ஏற்றிவிட்டார். எல்லாம் ஜோராக ஓடின. ஒரே ஒரு வியாதி. மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும். திறந்தால் எழுந்துகொள்ளும், ஆனால் படம் வராது. கருப்புத் திரையில் அம்புக்குறி மட்டும் அநாதையாக நிற்கும். சில நாள் கலர் கலராகக் கோடு ஓடும்.

அதனால் யார் கை மூடிமேல் போனாலும் “மூடாதீங்கப்பா” என்று ஓடி வருவார். பெயரும் அதுவே ஆயிற்று.

மூடினாலும் தூங்காதபடி செட்டிங் வைக்கலாமே என்று கேட்டேன். கோபம் வந்துவிட்டது.

“தூங்க உடாம வேலை வாங்குனா பாவம் இல்லீங்களா? தூங்கணும், எழுந்துக்கணும். அதாங்க மெஷினு. எழுதிப் போட்டிருக்கேன், சரி பண்ணுவாங்க.”

லினக்ஸுக்காக எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்து உழைப்பவர்களுக்குத்தான் எழுதிக்கொண்டே இருந்தார். பதில் வரும்வரை கம்பெனி பஸ்ஸிலும் லேப்டாப் திறந்தபடி மடியில் இருக்கும். கெலவரப்பள்ளி அணைக்குச் சுற்றுலா போனபோது தனக்கு இல்லாமல் அதற்குக் குடை பிடித்தார். ஒருமுறை என் பைக்கின் பின்னால் அப்படியே உட்கார்ந்து வந்தவரைப் போலீஸ்காரர் நிறுத்தினார்.

“என்னய்யா, போற வழியில படமா?”

“இல்லீங்க சார். மூடுனா கண்ணு தொறக்காது.”

என்ன புரிந்ததோ, அவர் எங்களைப் போகச் சொல்லிவிட்டார்.

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. பெங்களூர்க்காரர், கறார். “இன்னொரு தடவை ஸ்கிரீன் கருப்பாச்சுன்னா பழைய சிஸ்டத்தையே போட்டுடுவேன். நீங்களும் வேற எடம் பாத்துக்கோங்க” என்றார். அண்ணன் அன்று சாப்பிடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அண்ணன் முதல் நாளே சிங்காரப்பேட்டைக்கு, வீட்டுக்குப் போய்விட்டார். சாமி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு இருந்தால் மரியாதை இல்லை என்று, ஓடிக்கொண்டிருந்த எல்லா லேப்டாப்பையும் மேனேஜரே மூடி, வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தார்.

லீவு முடிந்த காலையில் பொருளைப் பார்த்து ஆர்டர் கொடுக்கக் கஸ்டமர் வந்து உட்கார்ந்தார். பூவை எடுத்துவிட்டுத் திறந்தோம். வரிசை முழுக்கக் கருப்பு.

“ஏனாய்த்து சார்?” என்று கஸ்டமர் கன்னடத்தில் விசாரித்தார். மேனேஜர் முகம் பேயறைந்தது போலாயிற்று. மூடியது அவர் கை.

பஸ்ஸிலிருந்து இறங்கிய அண்ணன் பையோடு உள்ளே ஓடி வந்தார். சில சமயம் மட்டும் பலிக்கும் கைவைத்தியமாக, ஒவ்வொரு லேப்டாப்பாக மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்திக்கொண்டே போனார். படம் வந்துகொண்டே போனது. கஸ்டமருக்குக் காட்டவேண்டிய ரிப்போர்ட் இருந்த மேனேஜர் லேப்டாப் மட்டும் அசையவில்லை.

“ஆஃப் பண்ணிடவா?” என்றார் மேனேஜர், குரல் இறங்கி.

“இர்ங்க சார். ஆஃப் பண்ணா பாதியில நிக்கிற வேலையெல்லாம் போயிடும். ஆளு முழிச்சிட்டாரு. கண்ணுதான் தொறக்கல.”

என் லேப்டாப்பில் உட்கார்ந்து, நெட்வொர்க் வழியாக அதற்குள் புகுந்து, ரிப்போர்ட்டை வெளியே எடுத்துப் பிரிண்ட் போட்டார். தாளில் அவர் விரல் குங்குமம். கஸ்டமர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் படித்தார். ஆர்டரும் கிடைத்தது.

“அடுத்த வருஷம் பூஜைக்கு நீங்களே வந்து அடுக்குங்க” என்றார் மேனேஜர். பழைய சிஸ்டத்தைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

பிறகு ஒரு நாள், அவர் எழுதி எழுதிக் கேட்ட அப்டேட் வந்தது. அண்ணன் மூடினார், திறந்தார். படம் வந்தது. நம்பாமல் மூடி மூடித் திறந்தார். “வந்துட்ச்சிங்க” என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. கொஞ்ச நாளில் கோயம்புத்தூர் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இப்போது தினமும் மூடியைத் திறக்கிறேன். படம் பளிச்சென்று வந்துவிடுகிறது. கூப்பிட்டுப் பேச ஒரு சாக்குக்கூட இல்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர்.