ஒப்புக்குச் சப்பாணி கை கொடுத்த கதை

வயதானால் பழைய அசட்டுத்தனங்களைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்கிறார்கள். எனக்கு இதைச் சொல்ல இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தெரு விளையாட்டில் ஓட முடியாத பிள்ளையையும் மனசு நோகாமல் சேர்த்துக்கொள்வோமே, அதற்குப் பேர் ஒப்புக்குச் சப்பாணி. ஒப்புக்கு என்றால் பேருக்கு. சப்பாணி என்றால் நடக்க வராத பிள்ளை. அப்படி வந்த பேர் என்று அம்மா சொல்லும். அந்தப் பிள்ளை அவுட்டானாலும் கணக்கில்லை. இரண்டு கட்சிக்கும் அது பொது. வெள்ளானூரில் எல்லா ஆட்டத்திலும் நான்தான் அது. (கால் நன்றாகத்தான் இருந்தது. பயம்தான் ஓடவிடாது.)

கல்யாணமாகித் திருமுல்லைவாயில் வந்த பிறகு, எண்பத்தைந்தோ ஆறோ, பொங்கலுக்குப் பெண்கள் கபடி வைத்தார்கள். எங்கள் தெருவுக்கு என் நாத்தனார் செல்விதான் கேப்டன். மாசியில் அவளுக்குக் கல்யாணம். அதற்கப்புறம் கபடி கிடையாது என்று மாப்பிள்ளை வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மூன்று வருஷமாக எங்கள் தெருவைத் தோற்கடித்த முத்தாபுதுப்பேட்டைப் பெண்களை ஜெயிக்க அவளுக்கு அந்த ஒரு ஆட்டம்தான் மிச்சம். அன்றைக்கென்று ஒருத்திக்குக் கால் சுளுக்கிக்கொண்டது.

“அண்ணி, ஆளு கொறையுது. நீ வா.”

“ஐயோ, எனக்கு இன்னா தெரியும்?”

“ஒண்ணியும் செய்யாத. ஒப்புக்குச் சப்பாணியா நடுக்கோட்டாண்ட நின்னுகினு இரு, போதும்.”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன்.

எங்களுக்கு ஒரு புள்ளி அதிகம். கடைசியாக அந்தக் கட்சிப் பெண் ஒருத்தி பாடிக்கொண்டு வந்தாள். செல்வியும் மூன்று பேரும் பாய்ந்து அமுக்கினார்கள். அவள் மூச்சை விட்டால் ஜெயித்தோம். குப்புற விழுந்தவள் என் பக்கம் கையை நீட்டினாள். முகமெல்லாம் மண். பார்க்கப் பாவமாக இருந்தது. நான்தான் இரண்டு கட்சிக்கும் பொதுவாயிற்றே! கையைப் பிடித்து ஒரே இழுப்பு.

அவள் விரல் நடுக்கோட்டைத் தொட்டது. அவளைப் பிடித்திருந்த அத்தனை பேரும் அவுட். விசில் ஊதிவிட்டார்கள்.

“அண்ணி! நீ எந்தக் கட்சி?” என்று செல்வி அலறினாள்.

அந்தப் பெண் மண்ணைத் தட்டிக்கொண்டு, “தேங்க்ஸ்க்கா” என்றாள். (அதுதான் தாங்க முடியவில்லை.) கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. செல்வி மட்டும் அழுதாள். தாலி கட்டும் நாள் வரை என்னோடு பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்க வாய் வராமல், அவளுக்கு வடை மட்டும் சுட்டுச் சுட்டு வைத்தேன். தின்றாள், பேசவில்லை.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த செல்வி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். பதறி ஓடிக் கையை நீட்டினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அந்த வலியிலும் கேட்டாள்:

“இரு அண்ணி. மொதல்ல நீ எந்தக் கட்சின்னு சொல்லு, அப்புறம் தூக்கு.”