மரக் குவளையும் அழகம்மாவின் குளிசையும்

இலங்கையில், கலவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் அழகம்மாவின் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, ஒரு மரக் குவளையால் அடியோடு போய்விட்டதாகப் பேச்சு. விசாரிக்கப் போனேன். அங்கே அகப்பட்டது குவளை மட்டுமல்ல, ஓர் இனமும். பெயர்: இலை விஞ்ஞானி.

உங்கள் பக்கத்திலும் ஒருவர் இருப்பார். வேலியில் நிற்கும் எதையும் கிள்ளி, கசக்கி, முகர்ந்து, கண்ணை மூடி, அதற்குள் இருக்கும் சத்தின் பெயரை மட்டும் மறந்துவிட்டு, அது தீர்க்கும் ஏழு நோய்களையும் மூச்சுவிடாமல் சொல்வார். ரப்பர் பாலைப் பற்றிக் கேட்டால், ஆராய்ச்சி நடக்கிறதென்பார். இலையில் இருந்தால் சத்து. டாக்டர் தரும் குளிசையில் இருந்தால் கெமிக்கல். தேத்தண்ணியில் இருப்பது? குடித்து முடித்துவிட்டு யோசிப்பார்.

இங்கே அவர் தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர், யாழ்ப்பாணத்துப் பரராசசிங்கம். சீனிக்கு நல்லதென்று பேர்போன கொத்தலஹிம்புட்டுக் கொடியின் கட்டையில் கடைந்த குவளையை அழகம்மாவுக்குக் கொடுத்தவர் அவரே. இரவு தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிக்க வேண்டும்.

"குளிசை முழுக்கக் கெமிக்கல், கண்டியளோ. இது மரமெல்லோ," என்றார் என்னிடம்.

அழகம்மா குளிசையை நிறுத்தி மூன்று வாரம். கால் விரலில் ஒரு புண் ஆறாமல் நின்றது.

"செருப்புக் கடிங்க. சீனியெல்லாம் போயிருச்சுன்னு கிளாக்கரய்யாவே சொன்னாரு."

"சோதிச்சுப் பாத்தீங்களா?"

"அவரு குவளத் தண்ணியோட நெறத்தப் பாத்தாருங்க."

டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் விஜயகலா விரலில் குத்தி மெசினைப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"கட்டையில மருந்து இல்லன்னு சொல்லலக்கா. எவ்வளவு எறங்குதுன்னுதான் யாருக்கும் தெரியாது. உங்க குளிசையும் ஏதோ மூலிகைச் செடிய ஆராயப்போயி வந்ததுதான். ஆனா அளந்து வச்சிருக்கு. இன்னைக்கே போடுங்க, இல்லாட்டி வெரல் போயிரும்."

"வீட்டுல குளிசை இல்லீங்களே."

"ரெண்டு மாசத்துக்குக் குடுத்தேனே?"

அழகம்மா தரையைப் பார்த்தார். "கிளாக்கரய்யா வாங்கிட்டுப் போனாருங்க. அவருக்கும் சீனியாம். கிளினிக் போக நேரமில்லயாம். எனக்குத்தான் இனி வேணாமேன்னாரு."

விஜயகலா புண்ணைக் கழுவிக் கட்டி, டிஸ்பென்சரி இருப்பிலிருந்து நாலு அட்டை எடுத்துக் கொடுத்தார்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். இதை வாசித்து முடித்ததும் யாருக்காவது போன் போட்டு, "சீனிக் குளிசையே செடியிலிருந்துதானாம்" என்று சொல்லப்போகிறவர் நீங்கள்தான். எந்தச் செடி என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வீர்கள்.

அழகம்மாவின் புண் காயத் தொடங்கிவிட்டது. அவரிடம் வாங்கிப்போன குளிசையைப் பரராசசிங்கம் இன்னும் திருப்பித் தரவில்லை. நேரில் கேட்டேன். தருவாராம். ஆனால், தான் குளிசை போடுவது வெளியே தெரியக் கூடாதாம்.