இருபதாவது மேட்ச்

எந்தக் காலை நொண்டுவது என்று பூட்டு இன்னும் முடிவு செய்யவில்லை. மணி காலை ஒன்பது. மூன்று மணிக்கு சீசனின் கடைசி மேட்ச். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தான். பாவி முழங்கால்கள், இரண்டும் குண்டுக்கல்லாக இருந்தன.

பூட்டு என்பது கால்பந்து கிளப்பில் அவனுக்கு வைத்த பெயர். பின்வரிசையில் இடது பக்கம் ஆடுகிறவன். அந்தப் பக்கமாகப் பந்தை விடாமல் பூட்டிவிடுகிறான் என்று ஒரு பத்திரிகைக்காரர் ஏழு வருஷத்துக்கு முன்னால் எழுதினார். இப்போது வயது முப்பத்திரண்டு. பூட்டு அவ்வப்போது தானாகவே திறந்துகொள்கிறது. இருந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சிக்கல் அவனுடைய கான்ட்ராக்டில், மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஒரே சீசனில் இருபது மேட்சில் மைதானத்துக்குள் கால் வைத்துவிட்டால், அதே சம்பளத்தில் கான்ட்ராக்ட் தானாக இன்னும் இரண்டு வருஷம் நீளும். வைக்காவிட்டால் இந்த மாதக் கடைசியோடு முடிந்துவிடும். அப்புறம் அவன் இஷ்டம், எந்த கிளப்புக்கும் போகலாம். இதுவரை ஆடியது பத்தொன்பது.

முப்பத்திரண்டு வயதில் எவனும் அந்த இருபதாவது மேட்சுக்குத் தவம் கிடப்பான். பூட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். காரணம், ஆறு மணி நேர ரயில் தூரத்தில் இன்னொரு ஊரில் இருந்தது. அங்கே அவன் மனைவிக்கு ரயில்வே டிக்கெட் கவுன்டரில் வேலை. ஊருக்கெல்லாம் டிக்கெட் கொடுக்கிறவள், புருஷனைப் பார்க்க வருவதற்கு லீவு கிடைக்காமல் மூன்று வருஷமாகத் தவிக்கிறாள். நாலு வயது மகள் அவனை "போன் அப்பா" என்றுதான் கூப்பிடுகிறாள், என்னவோ வீட்டில் இன்னொரு அப்பா இருக்கிற மாதிரி.

அந்த ஊரிலும் ஒரு கிளப் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அதன் மேனேஜர் போனில் பேசினார்.

"சம்பளம் கொஞ்சம் கம்மிதான். உங்க கிளப்புக்கு விலை கொடுத்து உங்களை வாங்க எங்ககிட்ட காசு இல்ல. கான்ட்ராக்ட் முடிஞ்சு சும்மா வந்தீங்கன்னா அன்னிக்கே எடுத்துக்கறோம். கான்ட்ராக்டைப் படிச்சிருக்கீங்கல்ல?"

"கையெழுத்துப் போட்டப்ப என் வீட்டுக்காரி படிச்சா."

"நீங்களும் ஒரு தடவை படிச்சிருங்க."

படித்தபோதுதான் மூன்றாம் பக்கம் கண்ணில் பட்டது. மனைவியிடம் அவன் மூச்சு விடவில்லை. போன வருஷம் இப்படித்தான் "வந்துடறேன்" என்று சொல்லிவைத்தான். கடைசி நேரத்தில் கிளப் விடமாட்டேன் என்றுவிட்டது. மகள் மூன்று நாள் வாசற்படியை விட்டு நகரவில்லையாம். இந்தத் தடவை பெட்டியோடு போய் வாசலில் நின்ற பிறகுதான் பேச்சு. கோச்சிடமும் சொல்லவில்லை. ஆள் கழன்றுகொள்ளப் பார்க்கிறான் என்று கிளப்புக்குத் தெரிந்தால் வேண்டுமென்றே இறக்கிவிடுவார்கள்.

ஆக, ஒரே ஒரு மேட்சுக்கு மட்டம் போட வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாரா வாரம் சாதிக்கிற காரியம்.

இடது கால் என்று முடிவு செய்து, கிளப் வாசலிலிருந்தே நொண்ட ஆரம்பித்தான். பிசியோதெரபி அறையில் இருந்தவர் அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். புதிதாக ஒரு மிஷின் வந்து பதினைந்து நாளாகியும், அடிபட்ட ஒருவன்கூடக் கிடைக்காமல் மனிதர் வாடிப்போயிருந்தார்.

"வா வா. எந்தக் கால்?"

"இடது கால் சார். தரையிலயே வைக்க முடியல. ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்தா—"

"ஒரு வாரமா? முக்கால் மணி நேரம் போதும்."

முக்கால் மணி நேரம் மிஷின் அவன் முழங்காலைக் கிச்சுகிச்சு மூட்டியது. வலிக்கிற முகத்தோடு சிரிப்பை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. முடிகிற சமயத்தில் மனைவியிடமிருந்து போன். துள்ளி எழுந்து ஜன்னலோரம் போனான்.

"இன்னிக்கு ஆடறீங்கதானே?" என்றாள். பின்னால் ஒரே ரயில் சத்தம். அவள் வேலை பார்க்கிற இடத்தில் எப்போதும் அந்தச் சத்தம்தான்.

"ஆடாம என்ன. ஆடறேன், ஆடறேன்."

"ஒழுங்கா சாப்பிட்டுப் போங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் கோச். பூட்டு அவசர அவசரமாக நொண்டிக்கொண்டு அவர் பக்கம் போனான்.

"தம்பி," என்றார் பிசியோ, "நான் வைத்தியம் பார்த்தது இடது கால். நீ நொண்டறது வலது கால்."

கோச் அவனை மேலும் கீழும் பார்த்தார். தடித்த உடம்பு, நரைத்த மீசை, எதற்கும் பதற்றப்படாத மனிதர். "ரெண்டு காலும் நொண்டினா பேலன்ஸ் ஆயிடும்டா. நீ ஆடறே."

சரி, கால் கைவிட்டது. வயிறு இருக்கிறதே. பூட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உடை மாற்றும் அறைக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். மேட்ச் முடிகிறவரை வெளியே வருவதில்லை என்பது திட்டம்.

ஐந்து நிமிஷத்தில் வெளியே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. கோச் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவசரமே இல்ல, நிதானமா வா," என்றார். அதோடு விட்டாரா என்றால் இல்லை, தன் வாழ்க்கை வரலாற்றையும் எடுத்துவிட்டார். "எங்க காலத்துல கிளப்பை விட்டு நாமளா போக முடியாதுடா. கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் விடமாட்டாங்க. சம்பளமும் கிடையாது, போகவும் கூடாது. ஆட்டை மரத்துல கட்டிப்போட்ட மாதிரி. நான் அப்படி ஒரு கிளப்ல ஒன்பது வருஷம் கிடந்தேன். நீங்கள்லாம் குடுத்து வெச்சவங்க. கான்ட்ராக்ட் முடிஞ்சா முடிஞ்சதுதான், கையை வீசிக்கிட்டுப் போகலாம்."

உள்ளே பூட்டு சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

கதவுக்கு அடியில் ஒரு உப்புக் கரைசல் பாக்கெட் நழுவி வந்தது. "இதைக் கலந்து குடி. ஆரம்பத்துல உன்னை இறக்கல, போதுமா? பெஞ்சில சும்மா உக்காந்திரு."

பெஞ்ச் என்றதும் பூட்டுக்கு உயிர் வந்தது. மூன்றாம் பக்கத்தில் பெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மைதானத்துக்குள் கால் வைத்தால்தான் கணக்கு. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று, பூட்ஸ் இரண்டையும் ஜன்னல் வழியாகப் பின்பக்கப் புதருக்குள் விட்டெறிந்தான். பிறகு சோகமான முகத்தோடு தாழ்ப்பாளைத் திறந்தான்.

மேட்ச் தொடங்கியது. பெஞ்சின் கடைசி மூலையில் காலில் செருப்பும் மேலே துண்டுமாக உட்கார்ந்திருந்தான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று போய்க்கொண்டிருந்தது. இடது பக்கம் ஆடினவன் குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தான். அவன் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று பூட்டு மனதார வாழ்த்தினான்.

எண்பதாவது நிமிஷம் கோச் திரும்பினார். "பூட்டு, எழுந்திரு. அடுத்து நீதான்."

"பூட்ஸைக் காணோம் சார். யாரோ எடுத்துட்டாங்க."

"ஜெர்சி அண்ணே," என்று கோச் பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

ஜெர்சி அண்ணன் என்பவர் கிளப்பின் துணிமணிகளையும் பூட்ஸ்களையும் பார்த்துக்கொள்கிறவர். இருபது வருஷமாக எல்லார் வியர்வையையும் துவைத்துப் போடுகிற மனிதர். பையிலிருந்து புத்தம்புது ஜோடி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"உங்க சைஸ்தான் தம்பி. போன வாரமே கோச் வாங்கி வெக்கச் சொன்னாரு."

"போன வாரமா? எதுக்குண்ணே?"

அண்ணன் குனிந்து லேஸை முடிந்துவிட்டார்.

இனி ஒரே வழிதான். பெஞ்சில் இருக்கிறவன் ரெஃபரியைத் திட்டினால் அங்கேயே சிவப்பு அட்டை. சிவப்பு அட்டை வாங்கினவன் மைதானத்துக்குள் போகவே முடியாது. பதினான்கு வருஷத்தில் அவன் எந்த ரெஃபரியையும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. மகளை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"யோவ் ரெஃபரி, கண்ணைக் கழட்டி வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?"

அதோடு நிறுத்தவில்லை. ரெஃபரி குடும்பத்தின் நாலு தலைமுறைப் பார்வைக் கோளாறுகளையும் விலாவாரியாக விசாரித்தான். ஆட்டத்தை நிறுத்திவிட்டு ரெஃபரி பெஞ்சை நோக்கி வேகமாக வந்தார்.

"யார் கத்தினது?"

பூட்டு சந்தோஷமாகப் பாதி எழுந்தான். தோளில் ஒரு கனத்த கை விழுந்து அவனை உட்கார வைத்தது.

"நான்தான்," என்றார் கோச்.

"உங்க குரல் மாதிரி இல்லையே."

"தொண்டை கட்டியிருக்கு."

பன்னிரண்டு வருஷத்தில் மஞ்சள் அட்டைகூட வாங்காத அந்த மனிதர், சிவப்பு அட்டையை வாங்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நடந்து போனார். போகிற போக்கில் துணை கோச்சிடம் சொன்னார்: "பூட்டை இறக்கிடு. மறந்துடாதே."

இந்த மனிதர் ஏன் என்னை விடாமல் பிடித்து ஆட்டுகிறார் என்று பூட்டுக்கு விளங்கவே இல்லை. அதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது; துணை கோச் அவனைத் தள்ளிக்கொண்டுபோய் எல்லைக் கோட்டோரம் நிறுத்திவிட்டார்.

இனி ஆட்டம் எப்போது நிற்கிறதோ அப்போது அவன் உள்ளே போக வேண்டும். பந்து வெளியே போனால் நிற்கும், ஃபவுல் விழுந்தால் நிற்கும். நிற்காமல் விசில் வரை ஓடிவிட்டால் தப்பித்தான். நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். இரண்டு டீமும் ஒரு தப்பும் செய்யாமல் அற்புதமாக ஆட வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆட்டக்காரன் அவனாகத்தான் இருக்கும். அதிசயம், அப்படியே ஆடினார்கள். எண்பத்தாறு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. பந்து வெளியே போகவே இல்லை.

தொண்ணூறாவது நிமிஷம் ஒருவன் பந்தைத் தவறவிட்டான். அது மெதுவாக, ரொம்ப மெதுவாக, பூட்டு நின்ற இடத்தைப் பார்த்தே உருண்டு வந்தது. கோட்டுக்கு இன்னும் இரண்டு சாண். ஒரு சாண். தாண்டிவிட்டால் எல்லாம் போச்சு. பூட்டால் பொறுக்க முடியவில்லை. வெளியே நின்றபடியே காலை நீட்டிப் பந்தை உள்ளே தட்டிவிட்டான்.

விசில் ஊதியது.

"வெளியில நிக்கிறவன் பந்தைத் தொடலாமா?" ரெஃபரி மஞ்சள் அட்டையைக் காட்டினார். "எதிர் டீமுக்கு ஃப்ரீ கிக். அதான் ஆட்டம் நின்னாச்சே, நீ உள்ள வா."

பூட்டு உள்ளே போனான். நாற்பது வினாடி ஆடினான். பந்து அவன் பக்கமே வரவில்லை. மேட்ச் முடிந்தது, ஒன்றுக்கு ஒன்று, இருபதுக்கு இருபது.

உடை மாற்றும் அறையில் எல்லாரும் குளித்துவிட்டுப் போன பிறகும் அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அந்த ஊர் மேனேஜருக்குப் போன் போட்டான்.

"டிவியில பார்த்தேங்க," என்றார் அவர். "நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம். ஆனா ஒண்ணு, பந்தைக் கோட்டுக்கிட்ட நிறுத்தினீங்க பாருங்க, அருமை."

போனை வைத்ததும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துண்டில் முகத்தைப் புதைத்து அழுதேவிட்டான். ஜெர்சி அண்ணன் கூடையோடு வந்து, பெஞ்சுக்கு அடியில் கிடந்த சாக்ஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோச்சுக்கு நான் என்னண்ணே கெடுதல் பண்ணேன்?" என்று வெடித்தான் பூட்டு. "பொண்டாட்டி புள்ளையோட ஒரே ஊர்ல இருக்கலாம்னு ஒரு வழி கிடைச்சுது. அதுல மண்ணை அள்ளிப் போட்டுட்டாரு. இன்னும் ரெண்டு வருஷம் நான் போன் அப்பாதான். அவ முகத்துல எப்படி முழிப்பேன்? எங்க அந்த மனுஷன், நாலு வார்த்தை நறுக்குனு கேக்கணும்."

ஜெர்சி அண்ணன் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவர் பாவம், ஆறு மணி ரயிலுக்கு ஸ்டேஷன் போயிருக்காரு தம்பி, இந்த ஊருக்கே மாற்றலாகி உங்க வீட்டம்மா குழந்தையோட வந்து இறங்கறாங்க, 'அவருக்குத் தெரிய வேணாம், ஆனா எப்படியாவது இருபதாவது மேட்சுல இறக்கிவிட்டுடுங்க'ன்னு போன வாரம் அவங்கதான் கோச்சுக்குப் போன் பண்ணாங்க."