எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையும் இடைமறிப்பு அண்ணாச்சியும்

ஒரு துப்பாக்கியைக்கூடக் கையால் தொடாமல், ராணுவத் தளவாடக் கொள்முதலுக்கு உலகம் முழுக்கப் பெயர்போன தாமதம் அத்தனையையும் சிவகாசியில் ஒற்றை ஆளாகச் சாதித்துக் காட்டியவர் எங்கள் இடைமறிப்பு அண்ணாச்சி. வல்லரசுகளுக்கு இதற்கென்று தனி இலாகா வேண்டும், மந்திரி வேண்டும், மாடி மாடியாகக் கட்டடம் வேண்டும். அண்ணாச்சிக்கு ஒரு ஸ்டூலும் சிவப்பு மைப் பேனாவும் போதும்.

நான் அப்போது விஸ்வநத்தம் போகிற ரோட்டில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்த்தேன். ஆர்டர் எடுப்பதிலிருந்து லாரியில் லோடு ஏற்றுவது வரை என் தலையில்தான். அண்ணாச்சி அங்கே புரூஃப் பார்ப்பவர். சொந்தப் பெயர் என்று ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் அச்சாகியிருக்கும். அதிலும் இரண்டு பிழை கண்டுபிடித்திருப்பார்.

பட்டப்பெயர் வந்தது இப்படி. ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவர் சொந்தச் செலவில் ஒரு புத்தகம் போட வந்தார். ஏவுகணைப் பாதுகாப்புக்கும் ராணுவக் கொள்முதலுக்கும் கலைச்சொல் அகராதி. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். தமிழ் அகப்படாத இடங்களில் மனுஷன் வெறும் புள்ளி வைத்து விட்டிருந்தார். புள்ளியைக் கண்டால் அண்ணாச்சிக்குக் கை அரிக்கும். இன்ஜினீயரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு அத்தனை புள்ளிகளையும் தானே சொல் போட்டு நிரப்பினார். நாலு புரூஃப் ஆனது. ஐந்தாவதற்கு முன்னால் இன்ஜினீயர் மகனைப் பார்க்க வெளிநாடு போனார். போனவர் போனவர்தான். போன் நம்பரும் செத்துப்போனது.

கொஞ்ச நாளில் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று அந்த ஃபைலையும் அழித்துவிட்டார்கள். மிஞ்சியது அண்ணாச்சி மேஜையில் சணல் போட்டுக் கட்டிவைத்த நாலு கட்டுப் புரூஃப் மட்டும்தான். ஒவ்வொன்றும் முந்நூறு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் அவருடைய சிவப்பு மை. பழைய பேப்பர்காரர் வரும்போதெல்லாம் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அவுக ஒரு நா வருவாக. வந்து கேட்டா எடுத்துக் குடுக்கணும்ல" என்பார்.

இன்ஜினீயர் வரவில்லை. அகராதி மட்டும் அண்ணாச்சிக்குள் குடியேறிவிட்டது. வருகிற ஏவுகணையைக் குறுக்கே போய்த் தடுப்பதற்கு அதில் இருந்த 'இடைமறிப்பு' என்ற சொல்லை அவர் எதற்கெடுத்தாலும் சொல்லப்போய், அதுவே பட்டப்பெயரானது.

எங்கள் முதலாளி கோபக்காரர். அவர் எப்போது பாய்வார் என்று தெரியாமல் நான் ஒரு மாதம் முழித்தபோது அண்ணாச்சிதான் வழி சொன்னார்.

"தம்பி, முதலாளி கோவத்துக்கும் ஏவுகணை மாதிரி மூணு கட்டம். வீட்டுல செருப்ப மாட்டுறாகள்ல, அது உந்து கட்டம். அங்கனயே அவுக வீட்டம்மா ஒரு வாய் காப்பியக் குடுத்துட்டா அதோட அணைஞ்சிரும். புல்லட்டுல ஏறிட்டாகன்னா நடுவழிக் கட்டம். எவராச்சும் ரோட்டுல நிறுத்திப் பேசுனாத்தான் உண்டு. கேட்டுக்குள்ள வந்துட்டா இறுதிக் கட்டம். அப்ப நம்மகிட்ட இருக்கிற ஒரே ஆயுதம் நீங்கதான்."

"நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"குறுக்க போய் நிக்கணும். வெடிமருந்து ஒண்ணும் வேண்டாம். மோதுற வேகத்துலயே ரெண்டும் காலி. மோதி அழித்தல்னு பேரு. அங்கன புள்ளிதான் இருந்துச்சு. அந்தச் சொல்லு நான் போட்டது."

நான் பல தடவை மோதி அழிந்திருக்கிறேன். எதிரிக்கு மட்டும் ஒரு சேதமும் ஆனதில்லை.

வீட்டிலும் இதே ஆட்சிதான். அவர் சம்சாரம் மிக்ஸி கேட்டார். அண்ணாச்சி தேவை அறிக்கை எழுதினார். தேங்காய்ச் சட்னிக்கு ஒரு தரநிர்ணயம், இட்லிப் பொடிக்கு ஒரு தரநிர்ணயம். கடைக்காரர்களை வீட்டுக்கே வரவழைத்துக் களச்சோதனை வைத்தார். மூன்று கடை மிக்ஸியிலும் அந்தம்மா மாறி மாறிச் சட்னி அரைத்ததுதான் மிச்சம். அந்த வாரம் முழுக்க வீட்டில் சட்னி மட்டும்தான். இரண்டாவது தீபாவளியும் தாண்டியது. ஒருநாள் அந்தம்மா தானே பஜாருக்குப் போய் ஒரு மிக்ஸியை வாங்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அண்ணாச்சி அதை எதிர்க்கவில்லை. ஃபைலில் 'அவசரக் கொள்முதல்' என்று எழுதி மூடிவிட்டார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் முதலாளி அந்த வேலையைக் கொடுத்தார்.

ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்ட அதே நாளில் குடோனில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் எரிந்துபோனது. கழற்றிய இடத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி ஓட்டை. ஃபேனைத் தாங்கிய இரும்புச் சட்டம் மட்டும் பாக்கி. ஓட்டைக்கு நேர் எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், ஒரு ராக்கெட் கம்பெனி முதலாளியின் மொட்டை மாடி. ஒவ்வொரு தீபாவளி சாயங்காலமும் அவர் லேபிள் ஒட்டாத புதுச் சரக்கை அங்கேதான் விட்டுப் பார்ப்பார். எது எந்தத் திசையில் போகும் என்று அவருக்கே தெரியாது. எங்களால் வாய் திறந்து கேட்கவும் முடியாது. அவருடைய டப்பா லேபிள் எல்லாம் எங்கள் பிரஸ்ஸில்தான் அச்சாகிறது. 'திறந்த வெளியில் மட்டும் கொளுத்தவும்' என்ற வரிக்குப் புரூஃப் பார்த்தவரே அண்ணாச்சிதான்.

"அண்ணாச்சி, அந்த ஓட்டைக்கு ஒரு கம்பி வலைய வாங்கி அடிச்சிருங்க" என்றார் முதலாளி. அவ்வளவுதான் சொன்னார். பஜாருக்குப் போய்வர அரை மணி நேரம்.

அண்ணாச்சி பன்னிரண்டு பக்கத்தில் தேவை அறிக்கை எழுதினார். வலை எதையெல்லாம் தடுக்க வேண்டும்: மழை, எலி, சிட்டுக்குருவி, ராக்கெட். அச்சுறுத்தல் மதிப்பீடு என்று மொட்டை மாடிக்குப் படம் வரைந்து அம்புக்குறி போட்டார். ஆவணி முழுக்க அதற்கே சரியாகப் போனது. புரட்டாசியில் மூன்று ஹார்டுவேர் கடைகளில் சாம்பிள் கேட்டார். இரண்டு கடைக்காரர்கள் "இந்தத் துண்டு வலைக்கா இம்புட்டுக் கடுதாசி?" என்று விரட்டிவிட்டார்கள். மிஞ்சிய ஒன்று அவருடைய மச்சினன் கடை. அண்ணாச்சிக்கு முகமே செத்துவிட்டது.

"ஒற்றை விற்பனையாளர் நிலை வந்துருச்சு தம்பி. அதுவும் மச்சினன். ஊரு என்ன பேசும்?"

விரட்டிய இரண்டு கடைகளுக்கும் மறுபடி நடந்தார். கெஞ்சிக் கூத்தாடி சாம்பிள் வாங்கினார். மூன்று வலைகளையும் தனித்தனிக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் முதலாளி, நான், அவர் என்று மூன்று பேர் கையெழுத்து. மூன்று பேரும் இருந்தால்தான் அந்த முத்திரையைப் பிரிக்கலாம். கவர்கள் ஸ்டீல் பீரோவுக்குள் போயின. சாவி அவர் அரைஞாண் கயிற்றில் ஏறியது. ஆயுத பூஜை வந்தது. மற்றவர்கள் மெஷினுக்குச் சந்தனம் வைத்தார்கள். அண்ணாச்சி அந்த ஃபைலுக்கு வைத்தார். வலையின் ஏற்புச் சோதனைக்கு ஒரு சிட்டுக்குருவி வேண்டும் என்று ஓட்டைக்கு நேரே கம்பு தானியத்தைத் தூவிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தார். வந்தது காக்காய்.

தீபாவளிக்கு முந்தின நாள் குடோன் நிரம்பிவிட்டது. வரப்போகிற வருஷத்துத் தேதிக் காலண்டர் மொத்தமும் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. பண்டிகை லீவு முடிந்ததும் லாரி வரும். நடுவில் ஒரு பொறி உள்ளே விழுந்தால் பிரஸ்ஸும் இல்லை, நாற்பது பேருக்கு வேலையும் இல்லை. மாமனார் வீட்டுக்குக் கோவில்பட்டி கிளம்பிய முதலாளி, காருக்குள்ளிருந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏலே, அண்ணாச்சிய நான் ஒண்ணும் கேக்கப்போறதில்ல. அந்த ஓட்டைக்கு நீதான் பொறுப்பு. திரும்பி வர்றப்ப குடோன் இருக்கணும்."

தீபாவளியன்று மத்தியானம் அண்ணாச்சியை வீட்டிலிருந்து வரவழைத்தேன். புது வேட்டி, நெற்றியில் திருநீறு. கடைகள் எல்லாம் பூட்டு. எதிர் மாடியில் ராக்கெட் முதலாளி வரிசையாக பைப் நட்டுக்கொண்டிருந்தார். பொழுது சாயும் நேரத்துக்கு முதல் ராக்கெட் கிளம்பி, மேலே போகாமல் படுத்தவாக்கில் வந்து எங்கள் காம்பவுண்டு சுவரில் மோதியது.

"உந்து கட்டத்துலயே கோளாறு" என்று அண்ணாச்சி குறிப்பெடுத்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "பீரோவைத் திறங்க அண்ணாச்சி. மூணு வலை உள்ள இருக்கு. ஒண்ண எடுத்து அடிப்போம்."

"முதலாளி கையெழுத்து?"

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. இரண்டாவது ராக்கெட் ஓட்டைக்கு ஒரு முழம் மேலே முட்டி, தீப்பொறி சுவரோடு வழிந்து இறங்கியது.

"இது எரிஞ்சா நாற்பது குடும்பம் தெருவுல நிக்கும். உங்க முத்திரையக் கட்டிக்கிட்டு அழப்போறீகளா?" என்று கத்தினேன். அதற்கு முன்பு நான் அவரிடம் கத்தியதே இல்லை.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "நாளைக்கு எம் மச்சினன் வலை தேறிச்சுன்னா, நான் முந்தியே பிரிச்சு வச்சு வேலை பார்த்தேம்பாக. முப்பது வருசமா ஒரு எழுத்த நான் யாருக்காகவும் மாத்துனதில்ல தம்பி" என்றார். கை மட்டும் அரைஞாண் சாவியை விடவில்லை.

ஈரத் துணி ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். பிரஸ்ஸில் இருந்த துணி எல்லாம் மெஷின் துடைத்து மண்ணெண்ணெய் ஊறியது. "உங்க வேட்டியக் குடுங்க" என்றேன். "பாலியெஸ்டர். மதிப்பீட்டுலயே தோத்துரும்" என்றார். சொல்லிவிட்டுச் சட்டென்று எழுந்து ஆபீஸ் பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் அந்த அகராதிப் புரூஃப் நாலு கட்டும் இருந்தது.

பைண்டிங் செக்‌ஷன் தொட்டியில் ஒவ்வொரு கட்டாக அமுக்கினார். தாள் தண்ணீர் குடிக்கக் குடிக்கச் சிவப்பு மை கரைந்து மேலே வந்தது. தொட்டித் தண்ணீர் முழுக்க ரோஸ் நிறம். ஊறிய கட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். நான் கீழே பிடித்துக்கொண்டேன். புது வேட்டியெல்லாம் சிவப்பு. இரும்புச் சட்டத்துக்குள் நாலையும் திணித்து, உள்ளங்கையால் அறைந்து அறைந்து அடைத்தார். கடைசிக் கட்டை அறைந்துவிட்டுக் கையை எடுக்கவும் மறுபக்கம் சொத்தென்று ஒரு சத்தம். அதோடு சீறல். பிறகு புகை நாற்றமும் தண்ணீர் சொட்டுகிற ஓசையும்.

ஏணியின் உச்சியிலிருந்து குரல் வந்தது. "நேரத்தைக் குறிச்சுக்கோங்க தம்பி. இறுதிக் கட்டம். மோதி அழித்தல்."

கொஞ்ச நேரத்தில் ராக்கெட் முதலாளி ஒரு தட்டில் அதிரசத்தோடு ஓடி வந்தார். "ஒண்ணும் ஆகலையே அண்ணாச்சி? சரக்கு கொஞ்சம் சாயுது" என்றார். அண்ணாச்சி ஒரு அதிரசத்தை எடுத்துக் கடித்துக்கொண்டே, டப்பாவில் எச்சரிக்கை வரியை இன்னும் பெரிய எழுத்தில் போடும்படி சொல்லி அனுப்பினார்.

ராக்கெட் முதலாளி போனதும் நான் ஏணியடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "கத்திட்டேன் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க. உங்க சொல்லெல்லாம் போச்சே. இன்ஜினீயர் வந்து கேட்டா?"

அவர் கையில் ஒட்டிய தாள்கூழை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார். "இடைமறி ஏவுகணைய என்ன, திரும்ப எடுத்து அலமாரியில வைக்கவா செய்வாக? ஒரு தடவை மோதும். அதோட அதுக்கு வேலை முடிஞ்சது. போங்க, வீட்டுல தேடுவாக" என்றார். நான் அவர் வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டேன்.

லாரி வந்தது, காலண்டர் போனது. கார்த்திகையில் மூன்று கையெழுத்துக்காரர்களும் கூடி முத்திரையைப் பிரித்தோம். மச்சினன் வலை முதல் சோதனையிலேயே தோற்றது. அன்றைக்குச் சிரித்ததைப்போல அண்ணாச்சி சிரித்து நான் பார்த்ததே இல்லை. தேறிய வலை மாசியில் ஏறியது. ஆனால் அதன் பின்னால் காய்ந்து இறுகிப்போன தாள்கட்டை எடுக்க முதலாளி சம்மதிக்கவில்லை. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. புது ஃபேனுக்கு வேறு சுவரில் ஓட்டை போட்டார்கள். அதற்கான தேவை அறிக்கையை எழுதும் வேலையை முதலாளி யாருக்கும் கொடுக்கவில்லை.

நான் இப்போது சென்னையில் எட்டாவது மாடியில் குடியிருக்கிறேன். தீபாவளி சாயங்காலம் முதல் ராக்கெட் சத்தம் கேட்கிற நேரத்துக்குத் தவறாமல் சிவகாசியிலிருந்து போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் பிற்பாடுதான்.

"தம்பி, பால்கனி கதவ சாத்திட்டீகளா?"

கதவை மத்தியானமே சாத்தித் தாழ்ப்பாளும் போட்டிருப்பேன். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் "இன்னும் இல்ல அண்ணாச்சி" என்றுதான் சொல்கிறேன். எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கி, அவர் காதில் கேட்கும்படி மறுபடி போடுகிறேன்.