சைப்ரஸுக்கு வெந்நீர் விற்கப் போனேன்

தன்னம்பிக்கை இல்லாதவர்களைப் பற்றி உலகம் நிறையக் கவலைப்படுகிறது. அது அளவுக்கு மீறி இருக்கிறவனைக் கட்டிக்கொண்டவள் என்ன பாடு படுவாள் என்பதை என் மனைவி சுதாவிடம் கேட்டால்தான் தெரியும். (கேட்டுவிடாதீர்கள். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள்.)

அப்போது நான் ஹைதராபாத் ஜீடிமெட்லாவில், மருந்துக் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு சின்ன ஷெட் பிடித்து, சோலார் வாட்டர் ஹீட்டர் தயாரித்துக்கொண்டிருந்தேன். சரக்கு அருமையான சரக்கு. வாங்கத்தான் ஆளில்லை. வெயிலில் வெந்நீர் என்று வாயெடுத்தாலே, "காய்கூ சார், எதுக்கு இது? ஏப்ரல்ல பைப்பத் தொறந்தாலே கை வெந்துபோவுது" என்று கதவைச் சாத்தினார்கள். ஹைதராபாத்துக்கு வெயிலின் அருமை தெரியவில்லை என்று தீர்ப்பு எழுதினேன்.

அருமை தெரிந்த ஊரை இணையத்தில் தேடினேன். மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் என்றொரு தீவு அகப்பட்டது. வருஷம் பூராவும் வெயிலாம். வேறென்ன வேண்டும்? அந்த வெயிலைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்த எனக்கு, அங்கே ஹீட்டர் உண்டா என்று ஒரு வரி தேடிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஷெட்டைக் காலி செய்தேன். ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டை வாடகைக்கு விட்டேன். சுதாவையும் எட்டு வயது மகள் நிவேதாவையும் போவன்பள்ளியில் மாமனார் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இருவரையும் தீவுக்கு அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. நிவேதா அதை வகுப்பு முழுக்கச் சொல்லி, தன் பென்சில் பாக்ஸைத் தோழிக்குத் தானமே செய்துவிட்டாள்.

மாமனார் மட்டும்தான் முட்டுக்கட்டை போட்டார். பரம்பரையாகச் செகந்திராபாத்வாசி.

"வீட்ட விடறது நக்கோ மாப்ள, வேணாம். போன எடம் சரியா அமையலன்னா எங்க வந்து நிப்பீங்க?"

"அமையாம எங்க மாமா போகும்? அங்க வெயில் இருக்கு, என்கிட்ட ஹீட்டர் இருக்கு" என்றேன், சூரியனே என் கூட்டாளி என்பது போல.

தீவு வாழ்க்கை எனக்கு உடனே பிடித்துவிட்டது. கடலோர ஊரில் ஓர் அறை. காலையில் ஆனந்தமாக வெந்நீர்க் குளியல். பிறகு சின்னக் கோப்பையில் கெட்டிக் காப்பி. (அடியில் தங்கும் மண்டியைக் குடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நான் கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.) மத்தியானம் ஊரே கடையைச் சாத்திவிட்டுத் தூங்கும். நானும் ஊரோடு ஒத்துப் போனேன்.

ஒன்றுதான் மனசைச் சங்கடப்படுத்தியது. சந்தில் நடக்கும்போது அண்ணாந்து பார்த்தால், ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு வெள்ளை டாங்கின் முதுகு தெரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் ஊரிலிருந்து போனவனுக்கு அதைப் பார்த்தால் என்ன தோன்றும்? ஐயோ பாவம், இவர்களுக்கும் தண்ணீர்க் கஷ்டம்! சுதாவிடம் போனில் வருத்தப்பட்டுவிட்டு, அடுத்த கட்டமாக டாங்கர் லாரி விடலாம் என்றும் சொன்னேன்.

"அது இருக்கட்டும். ஹீட்டர் அங்க வேற யாரும் விக்கலையா?" என்றாள்.

"ஊர் பூரா சுத்திட்டேன். ஒரு விளம்பரப் பலகைகூட இல்ல. போட்டியே கிடையாது சுதா!"

குழாய்ச் சாமான் மொத்த வியாபாரி ஆண்ட்ரியாஸ் என்னைச் சந்திக்க ஒப்புக்கொண்டார். நல்ல ஆங்கிலம் பேசும், பெரிய உடம்புக்காரர். "கரண்டே இல்லாமல் வெந்நீர்! நம்ப முடிகிறதா?" என்று ஆரம்பித்தேன். அவர் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, உள்ளேயிருந்து மனைவியைக் கூப்பிட்டார். அப்புறம் பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரரையும் கூட்டி வந்தார்.

"தயவுசெய்து முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த முறை அபிநயத்தோடு சொன்னேன். சூரியனாகக் கையை விரித்தேன், தண்ணீராகக் கொதித்தேன். முடிதிருத்துகிறவர் கைதட்டினார். மனசுக்குள் சுதாவுக்கும் நிவேதாவுக்கும் விமான டிக்கெட் போட்டேன்.

"இன்று காலை எதில் குளித்தீர்கள்?" என்றார் ஆண்ட்ரியாஸ்.

"வெந்நீரில்."

"அது எங்கிருந்து வந்தது?"

"குழாயிலிருந்து."

அவர் ஒற்றை விரலை மேலே, கூரையை நோக்கிக் காட்டினார். பிறகு என் தோளில் கைபோட்டு மாடிக்கு அழைத்துப் போனார்.

அங்கிருந்து ஊரின் மறுபக்கம் தெரிந்தது. ஒவ்வொரு டாங்குக்கும் முன்னால், தெற்குப் பார்த்துச் சாய்த்த கண்ணாடிப் பலகைகள். கடற்கரை வரைக்கும் பளபளவென்று, ஒரு வீடு பாக்கியில்லாமல். நான் தங்கியிருந்த கட்டடத்தின் தலையிலும் இருந்தது. தன் அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான் என்றார் ஆண்ட்ரியாஸ். பாவம், என் முகத்தைப் பார்த்து ஆறுதலாக ஏதோ கேட்க நினைத்தார் போலிருக்கிறது.

"உங்கள் தயாரிப்பு நல்லதாகத்தான் தெரிகிறது. உங்கள் வீட்டில் எத்தனை வருஷமாக ஓடுகிறது?"

"எங்கள் வீட்டில் கரண்ட் கீசர்" என்றேன்.

முடிதிருத்துகிறவர் மாடித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆண்ட்ரியாஸ் சிரிக்கவில்லை. எனக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். சிரித்திருந்தால் தேவலை.

சுதாவிடம் போனில், அந்த ஒற்றை விரல் உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"ஏங்க, மொதல்ல நம்ம வீட்டுக்கு ஒண்ணு மாட்டுங்கன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன்?" என்றாள். அப்புறம், "சரி, கெளம்பி வாங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

அவ்வளவு வெட்கத்திலும் எனக்கு அழுகை வந்தது அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான். ஊருக்குத் திரும்பினேன். வாடகைக்காரரின் ஒப்பந்தம் முடிகிறவரை மாமனார் வீட்டிலேயே குடியிருந்தோம். அவர் ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை. நிவேதா தோழியிடம் போய்ப் பென்சில் பாக்ஸைத் திருப்பிக் கேட்டு வாங்கி வந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை.

மறுபடி ஷெட் பிடித்தேன். இப்போது நன்றாகவே ஓடுகிறது. யோசனைகள் வருவதும் நிற்கவில்லை. போன மாதம் மாமனார் வந்திருந்தபோது, சாப்பிட உட்கார்ந்ததும், "எனக்கு ஒரு பிரமாதமான ஐடியா" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். மாமனார், சுதா, நிவேதா மூவரும், சாப்பிடுவதை நிறுத்தாமல், பேசி வைத்ததுபோல் இடது கையின் ஒற்றை விரலை மேலே காட்டினார்கள். எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக இதுதான் நடக்கிறது. அன்று விருந்துக்கு வந்திருந்த எதிர் வீட்டு ரெட்டி காரு ஒரு கணம் திகைத்தார். பிறகு தானும் மேலே பார்த்து, பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.